எண்ணெய் போச்சா?

என் அத்தானுக்குப் பெயின்டர்கள் வைத்த பட்டப்பெயர் மோப்பக்காரர். எண்ணெய் ஊட்டிய மரத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த கதவு லேசில் வழிக்கு வராது. டர்பன்டைன் தொட்டுத் துடைக்க வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், காயவிட்டு மறுபடியும் துடைக்க வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் மேலே இருப்பதுதான் தெரியும். வெயிலில் சூடேறிய மரத்தில் மூக்கை வைத்தால்தான் உள்ளே எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்று சொல்ல முடியும். மிச்சமிருந்தால் பெயின்ட் நிற்காது.

அந்த மூக்கு போய்ச் சில வருஷமாகிறது. பெயின்ட் கரைக்கிற தின்னர் நெடியை மனுஷர் எவ்வளவுதான் இழுப்பார்? வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண்தான். வேறு வேலையும் தெரியாது. அதனால் என் அக்கா தினமும் சாப்பாட்டுப் பையோடு வேலையிடத்துக்குப் போவாள். அவர் சாப்பிடும்போது கதவில் சாய்ந்து நிற்பதுபோல் நின்று முகர்ந்து பார்ப்பாள். "எண்ணெய் போச்சா?" என்பார் வாய்க்குள்ளேயே. போயிருந்தால் தலையாட்டுவாள். அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். "ஒரு வேளை பொண்டாட்டி முகத்தைப் பாக்காம இருக்க முடியாதோ" என்று மேஸ்திரி கிண்டலடிப்பார். விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் நான் ஒருத்திதான்.

போன வாரம் தலையில் இடி விழுந்தது. அத்தான் பெயின்ட் அடித்த விடுதிக் கதவுகள் அத்தனையும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்துவிட்டன. மேஸ்திரி வீட்டு வாசலுக்கே வந்தார். "உங்களை நம்பித்தானே அண்ணே வாக்குக் குடுத்தேன். என் பேரே கெட்டுப்போச்சு. இனிமே நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

செய்தி கேட்டு நான் ஓடினேன். வாசலிலேயே பால் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. முன்னறையில் இருவரும் பிடித்துவைத்த பொம்மைகளாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"ஏன் அக்கா, பால் தீயுறது தெரியல? அவருக்குத்தான் இல்ல, நீயும் மூக்கை அடகு வச்சிட்டியா?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அக்கா தலை நிமிரவில்லை. அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கில் தீயை வைக்க.

"உனக்கும் போயிடுச்சா?" என்றார்.

"போன வருஷம் காய்ச்சல்ல கெடந்தேனே, அப்பவே."

"அப்புறம் எதை வச்சுத் தலையாட்டின?"

"உங்க முகத்தைப் பாப்பேன். இனிமே உங்களால தேய்க்க முடியாதுன்னு தோணுச்சுன்னா, போச்சுன்னு ஆட்டிடுவேன்."

அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவள் வாய்விட்டு அழுதாவது தீர்த்திருப்பாள்.

"நான் வரேன் அத்தான். என் மூக்கு நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"இனிமே யாரும்மா கூப்பிடப் போறா?"

பிறகு அவராகவே விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். "பள்ளிக்கூட ஜன்னல். டாக்டர் வீட்டு மாடிப்படி. அந்த வாத்தியாரம்மா ஆசைப்பட்டுக் கேட்ட பச்சைக் கதவு." போன வருஷத்திலிருந்து செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். "அதெல்லாமும் உரியும்."

அக்கா எழுந்து போய்த் தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள்.