பங்களாவுக்குப் போன கை

இராக்கம்மாவின் மகள் பேச்சி அப்போது எட்டு மாதக் குழந்தை. இலங்கை மலைநாட்டில் பெரகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, ஆண்பிள்ளை பெற்றுப் படுத்த படுக்கையாகிவிட, பங்களாவுக்கு ஆயா கேட்டு ஆள் வந்தது. கங்காணி, கூலியாட்களின் லயத்து வரிசை வீடொன்றில் இருந்த இராக்கம்மாவைக் கைகாட்டினார்.

"எம்புள்ள இன்னும் பால் குடிக்கிதுங்க."

"லயத்துல பாத்துக்க ஆளா இல்ல? கெளம்பு."

புருஷன் அழகையா எப்போதுமே பேசுகிற ஆளில்லை. பகலில் பேச்சி பிள்ளைக்காம்பராவில் கிடந்தாள். ஏகப்பட்ட குழந்தைகளுக்கு அங்கே ஒருத்திதான் காவல். அதட்டவும் கஞ்சி ஊற்றவுமே அவளுக்கு நேரம் போதவில்லை.

இராக்கம்மா பங்களாவிலேயே தங்கினாள். அவளுக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். வெள்ளைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விரலை நீட்டுவாள். "அந்தா பாரு, குருவி." பிள்ளை விரல் போன வழியே பார்க்கும். "பால் தீந்துபோச்சு" என்று கையை விரிப்பாள். அதுவும் குட்டிக் கையை விரிக்கும். நடை பழகும்போதே ஜன்னலைக் காட்டி "மழ" என்றது. இரண்டு வயதில் வாய் ஓயாமல் தமிழ். உடம்பு தேறிய துரைசானி இங்கிலீஷில் கொஞ்சினால், பிள்ளை ஆயாவின் கையைத் திரும்பிப் பார்த்தது.

அந்த மாதமே அவளை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பேச்சிக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. "பேருதான் பேச்சி" என்று பக்கத்துக் காம்பராக்காரிகள் சிரித்தார்கள். காது கேட்டது, பேச்சுத்தான் இல்லை. சாயங்காலம் வாசலில் நின்று இராக்கம்மா விரலை நீட்டினாள்.

"அந்தா பாரு, நெலா."

பேச்சி நிலாவைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள். அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

இராக்கம்மா அடுப்படியில் போய் விழுந்து அழுதாள். அழகையாவுக்கு வேறு ஆறுதல் தெரியவில்லை.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா, தம்புள்ள தானா வளரும்பாங்க."

"எந்த நாசமாப்போனவன் சொன்னான்?" என்றாள்.

விடிந்தால் பெரட்டில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும், கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். அவள் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஓய்வு கிடைத்த நாளில் கோழியையும் ஓடையையும் காட்டிக் காட்டிச் சொல்வாள். நாலு வயதுக்கு மேல்தான் பேச்சிக்கு வாய் திறந்தது. முதலில் தெளிவாக வந்த சொல் "அடிப்பேன்." பிள்ளைக்காம்பராவில் பார்த்தபடியே, கையை ஓங்கிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

பிறகு எல்லாரையும் போலப் பேசத்தான் செய்தாள். பத்து வயதில் அவளும் கொழுந்து பறிக்க மலையேறினாள். தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று பறித்தார்கள், அதிகம் பேசிக்கொள்ளவில்லை.