ரின்சினுக்கு வேணும்

ரின்சின் லாமோவுக்கு ஊர்ப் பிரதிநிதி ஆகவேண்டும் என்று கொள்ளை ஆசை. அதைத் தன் பசுவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். பூட்டான் மலையில் பிறந்துவிட்டு, எனக்கு இது வேண்டும் என்று மனுஷர் காதில் போடமுடியுமா? தேநீர் நீட்டினாலே வாயைப் பொத்திக்கொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்பதுதான் அங்கே மரியாதை. இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை கிண்ணத்தை நீட்டலாம். அந்த மூன்றாம் தடவை வருமா வராதா என்பது வேறு கதை.

ஆசைக்குக் காரணம் தண்ணீர். ஊருக்கென்று அரசாங்கம் போட்ட குழாய் பழைய பிரதிநிதி பென்ஜோரின் ஆப்பிள் தோட்டத்தோடு நின்றுவிட்டது. ரின்சினும் சரிவில் அதற்குக் கீழே குடியிருந்த மற்ற கீழ்வீட்டுக்காரர்களும் ஓடைக்கும் வீட்டுக்கும் குடம் சுமந்தார்கள். பிரதிநிதிக்கு எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்றது சட்டம். நாற்பது வயதில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். ஒருமுறை பரீட்சையில் கோட்டைவிட்டாள், அசரவில்லை, மறுமுறை தேறினாள்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் புத்தர் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. தேர்தல் அதிகாரி உக்யென் காலேஜ் படிப்பும் புது ஷூவுமாக வந்திருந்தான்.

"நம்ம ரின்சின் அக்கா நிக்கட்டும்!" என்று கீழ்வீட்டுக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார்.

ரின்சினுக்கு உள்ளே ஜிவ்வென்றது. பாழாய்ப்போன கை பழக்கதோஷத்தில் வாய்க்குப் போய்விட்டது. "ஐயோ, வேண்டாம், வேண்டாம். எனக்கு என்னங்க தெரியும்!"

"விருப்பமில்லையா? சரி, யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னு சட்டம்," என்றான் உக்யென். "வேற யாரு?"

மேல்வீட்டுக்காரர் ஒருவர் பென்ஜோர் பெயரைச் சொன்னதுதான் தாமதம், "சரி!" என்றார் பென்ஜோர். ஒரே தடவையில்! கூட்டம் மூக்கில் விரல் வைத்தது.

ரின்சின் எழுந்தாள். "சார், எனக்கு வேணும்."

"இப்பத்தானேக்கா வேண்டாம்னீங்க?"

"உங்க அத்தை டீ குடுத்தா முதல் தடவையே வாங்கிருவீங்களா?"

அவன் காது சிவந்தது. "மாட்டேன்க்கா."

"என்னை மட்டும் ஒரே கேள்வியில கழிச்சுக் கட்டுறீங்களே, நியாயமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பென்ஜோருக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளை வாயைத் திறந்து பதவி கேக்குது. வெக்கமா இல்லே?"

"இருக்குண்ணே, உடம்பெல்லாம் கூசுது. கூசினா கூசட்டும். குடம் சுமந்து தோள்பட்டையே போச்சு."

உக்யென் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டு தனித்தனியே கை தூக்கச் சொன்னான். மேல்வீடுகள் பென்ஜோரின் சொந்தபந்தம், அவர் பக்கம். கீழ்வீடுகள் ரின்சின் பக்கம். எண்ணிப் பார்த்தால் சரிக்குச் சரி. இரண்டு தடவையும் தூக்காத கை ஒன்றே ஒன்றுதான், பென்ஜோரின் மனைவி தெக்கியுடையது.

"தூக்கேன்டி, என்ன யோசனை?" என்றார் பென்ஜோர் சிரித்துக்கொண்டே.

தெக்கி எழுந்துபோய் ரின்சின் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள்.

"அடிப்பாவி! குழாய்தான் நம்ம தோட்டத்துக்கே வருதே, உனக்கென்னடி குறை?"

"உங்க மரம் குடிக்குது. அடுப்படிக்கு இன்னும் நான்தானே ஓடையிலேர்ந்து சுமக்கிறேன்?"