பொறி பார்த்து வாங்கிய பாட்டரி

இந்த ஊரில் படகுக்குள்ளும் வீடு உண்டு. என் பாய்மரப் படகின் நீளமே இருபத்தாறு அடிதான். அதில் விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு எல்லாவற்றையும் ஓட்டும் பாட்டரிக்கு இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பெயர் ‘ஹவுஸ் பாட்டரி’. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவையில் ஐந்தாம் வகுப்போடு நின்று, கடலையே பார்க்காமல் வளர்ந்து, இங்கிலாந்து வந்து ரொட்டி சுட்டு மூன்று பேக்கரி வைத்தவன் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படகு வாங்கியவன் வேறு யார்?

போன வருஷம் அந்த பாட்டரி செத்தது. புதிது வாங்க யாரிடமும் யோசனை கேட்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில், டீவி பார்க்க லொறி பாட்டரியைத் தோளில் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றி, பஜாரில் சார்ஜ் போட்டு வந்தவன் நான்தானே. கடைக்கார நானா இரண்டு முனையிலும் வயரை ஒரு தட்டுத் தட்டுவார். பொறி பெரிதாகப் பறந்தால் நல்ல பாட்டரி. அதே கணக்கில் இங்கும் இருப்பதிலேயே கனமான லொறி பாட்டரியாகப் பார்த்து, பொறி பறக்கவிட்டு வாங்கினேன்.

இரண்டு மாதம்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டிருந்தோம். என் மனைவி பாக்கியம் முகத்துக்குச் சோப்புப் போட்ட நேரம் பார்த்து விளக்கு மங்கியது, பம்பு நின்றது. அவள் சத்தம் போடவில்லை. மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா படக வித்துருங்க. லயத்துல பாத்த இருட்டு பத்தாதுன்னா இம்புட்டு தூரம் வந்தோம்?”

அவள் சொன்னால் சொன்னதுதான். பக்கத்துப் படகு மார்ட்டினிடம் போனேன். எத்தனை ‘ஆம்பியர்-ஹவர்’ என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது எடைதான்; முப்பது கிலோ என்றேன், பெருமையாக. நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தான். பிறகுதான் விளக்கினான்: லொறி பாட்டரி இஞ்சினைக் கிளப்ப ஒரே மூச்சில் கரண்டைக் கொடுப்பது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்க ‘டீப் சைக்கிள்’ என்று வேறு ரகம் இருக்கிறது. எது எவ்வளவு கரண்ட் இழுத்து எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதவைத்து, பெருக்கி வந்த ஆம்பியர்-ஹவர் தொகையை இரட்டிப்பாக்கினான். பாதிக்குமேல் காலி செய்யக் கூடாதாம். மாவுக்குத் தண்ணீர் அளக்கத் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய காரியம்? அந்தக் கணக்குக்கு வாங்கிய புதியது இரண்டு விரற்கடை அகலம் கூட; பலகைத் தட்டை நானே அறுத்துப் பொருத்தினேன்.

லொறி பாட்டரியை எறிய மனம் வரவில்லை. இஞ்சினைக் கிளப்ப அதில் இன்னும் தெம்பு இருந்தது. அந்த வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

மறுபடி நங்கூரம் போட்டு இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் விடியலில் பாக்கியம் பம்பைப் போட்டாள். தண்ணீர் வந்தது. முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள்.

“சரி, இருக்கட்டும் ஒங்க படகு.”

பாட்டரி சுவிட்சில் எண் ஒன்று கிளம்புவதற்கு, லொறி பாட்டரி; எண் இரண்டு தங்குவதற்கு, புதியது. இரண்டையும் சேர்க்கும் இடமும் உண்டு; அவசரத்துக்கு மட்டும்தான், ஒன்று மற்றதைக் குடித்துவிடும் என்று மார்ட்டின் சொல்லியிருந்தான். அன்று அவசரம் ஒன்றுமில்லை. இருந்தும், கிளம்பி வந்ததும் தங்கிவிட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி முடியும்வரை அப்படியே நின்றேன்.