நடுரோட்டில் நின்ற சீர்

எங்கள் கணக்கு சார் பெயரில் கட்டிய புதுப் பள்ளிக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு, அவருடைய பழைய மாணவர்கள் நாங்கள் சீர் கொண்டுபோனோம். கல்யாணத்துக்குத் தாய்மாமன் கொண்டுபோவது மாதிரியேதான். முன்னால் நையாண்டி மேளம், பின்னால் தட்டுத் தட்டாகச் சாக்பீஸ், மாலை போட்ட மின்விசிறி, பீரோ, தோள்களில் பெஞ்சுகள். வாடிப்பட்டிப் பக்கத்தில் தொப்பை விழுந்த ஆண்கள் இப்படிக் குதித்துக்கொண்டு போய் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெஞ்சின் ஒரு முனை என் தோளில். மறுமுனையில் பேக்கரி வைத்திருக்கும் என் வகுப்புத் தோழன். அவன் ஆடினால் நானும் ஆடியாக வேண்டும்.

வாசலில் ஆரத்தி எடுத்துச் சீரை வாங்கப் போவது சாருடைய மனைவி என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். அவரிடம் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. புதுப்பெண்ணாக ஊருக்கு வந்த நாளிலிருந்தே அவர் எங்களுக்கு அக்கா. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரத்தித் தட்டு வேறொரு பெண்ணின் கையில் இருந்தது. அக்கா எல்லோருக்கும் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். சார் இறந்தது போன வருஷம்தான்.

“நல்ல காரியத்துல நான் முன்னால வந்து நிக்கலாமாப்பா? நான் இங்கருந்தே பாத்துக்கிறேன்,” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாருக்குக் கட்டிய கட்டடத்தில் அக்காவுக்குப் பின்வரிசையா? நான் வாயைத் திறப்பதற்குள் பேக்கரிக்காரன் முந்திக்கொண்டான்.

“பொறந்த வீட்டுச் சீர அக்கா வாங்கலைன்னா எப்பிடி உள்ள போகும்? எறக்குங்கடா பெஞ்ச!”

நடுரோட்டில் பெஞ்சுகளைப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். கல்யாண வீட்டில் மரியாதை குறைந்துவிட்டதென்று மாமன்மார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே, அதே முகம். மேளக்காரர்களோ நிறுத்துவதாக இல்லை. அந்த நேரம் பார்த்து ஆரப்பாளையத்திலிருந்து பஸ் வந்தது. ஹாரனில் வைத்த கையை டிரைவர் எடுக்கவே இல்லை. கண்டக்டர் இறங்கி வந்தார்.

“என்னண்ணே, மறியலா?”

“சீர்க் கோவம் மாப்ள. அக்கா வந்து வாங்கணும்.”

“அப்ப வண்டி நிக்கட்டும். கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க,” என்று அவரும் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸுக்குள்ளிருந்து, “வாங்கிக்கங்கம்மா, எங்களுக்கு நேரமாச்சு!” என்று கத்தினார்கள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு! தோள் குலுங்கச் சிரித்தபடியே ரோட்டுக்கு வந்தார்.

“கழுத வயசாகியும் அடங்குறீங்களாடா! அவரு இருந்திருந்தா இந்நேரம் இம்புட்டுப் பேரையும் பெஞ்சு மேல ஏத்தியிருப்பாரு.”

சொல்லி வாய் மூடவில்லை, ஏறிவிட்டோம். கண்டக்டரும்தான். பெஞ்சு கிறீச்சிட்டது. பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் குலவை போட்டார். தட்டு வைத்திருந்த பெண் தானாகவே நடந்து வந்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

ஆரத்தி சுற்றி முடித்ததும், பொட்டு வைக்க ஒவ்வொருவரையும் குனியச் சொன்னார். சார் போன பிறகு அந்தச் சிவப்பை அவர் தொடுவது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எறங்குங்கடா. அவரு பேர எம்புட்டுப் பெருசா எழுதியிருக்கீங்கன்னு நான் கிட்டப் போய்ப் பாக்கணும்,” என்று சொல்லிவிட்டு, மேளத்துக்கும் முன்னால் நடந்தார் அக்கா.