கழுவாத படிகங்கள்

நான் ஓர் ஆய்வு மாதிரியைக் கெடுத்தேன். கெட்டது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஆறு வருடங்கள்!

திருவொற்றியூரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் எனக்கு வேலை. கடல்நீர் ஓடும் குழாய்களில் உப்பு ஊசி ஊசியான படிகங்களாக வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க என் சக ஊழியர் சலீம் மூன்று வருடம் உழைத்து ஒரு மருந்து செய்திருந்தார். மருந்து கலந்த கரைசலில் வளர்ந்த படிகங்களை வடிகட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தயார்செய்வது என் பொறுப்பு; மருந்து பலித்தால் அவற்றில் ஊசி வடிவம் இருக்கக்கூடாது.

வடிகட்டியவுடன் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். இல்லையென்றால், ஒட்டியிருக்கும் கரைசல் காயும்போது அதிலிருந்தே புதிய படிகங்கள் முளைத்துவிடும். அன்று ராயபுரம் மாதா கோயிலில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அவசரம்... கழுவாமலே காயவைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள், படம் தெளிவாக விழ மாதிரிக்குத் தங்கப் பூச்சு கொடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். திரை முழுக்க ஊசி ஊசியாய்ப் படிகங்கள்! அவை எப்படி வந்தன என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்தது.

சலீம் பதறிப்போய்க் கேட்டார்: “இன்னா ஸ்டெல்லா இது? ஊசி வர்றதுக்கு சான்ஸே இல்லியே... நல்லா கழுவுனியா?”

“கழுவுனேன் பாய்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? ஒழுங்கானவள் என்ற பெயரைக் காக்கும் ஆசையா? இரண்டும்தான்! அந்தப் படத்தைப் பார்த்து, மருந்து பலிக்கவில்லை என்று மேலாளர் எழுதினார். ஆய்வு நின்றது. சலீம் வேலையை விட்டு, வண்ணாரப்பேட்டையில் மச்சானின் துணிக்கடையில் போய் நின்றார்.

உறுத்தல் தாங்காமல், போன வாரம் பழைய குறிப்புகளைப் பார்த்து அந்த மருந்தை நானே கலந்து சோதித்தேன். இம்முறை கழுவினேன். ஓர் ஊசிகூட இல்லை... நடந்ததை எழுதி, புதிய நுண்ணோக்கிப் படத்தோடு மேலாளரிடம் கொடுத்தேன். பிறகு அந்தப் படத்தின் இன்னொரு பிரதியோடு துணிக்கடைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சலீம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ மருந்து வேலை செஞ்சுகினுதான் இருந்துச்சா?”

“ஆமா பாய்.”

“நமக்கு இந்த வேலையே வராதுன்னு நெனச்சுகினு கீறேன், இத்தினி வருசமா...”

ஒரு வாடிக்கையாளர் வந்தார். சலீம் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நம்புவீர்களா? தெருவில் இறங்கியதும் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். எவ்வளவு நிம்மதி! வெட்கங்கெட்ட நிம்மதி! என் வேலை போனாலும் போகட்டும். இனி ஒளிக்க எதுவுமில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? நான் இப்போது நன்றாகத் தூங்குகிறேன்... அவரோ இன்னும் துணிதான் கிழித்துக்கொண்டிருக்கிறார்.