அடைக்கோழிக்கு வைத்த வாத்து முட்டை

ஏழாம் மாதமே பிறந்துவிட்ட என் மகன் ஒரு பகல்கூட முழுசாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய மறுநாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மாமியார் திருக்கழுக்குன்றம் போய் மல்லிப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினார். பூ வாட வாடப் பால் வற்றிவிடுமாம். வற்றியது. இன்றுவரை நான் மல்லிகை வைப்பதில்லை.

அந்த மாதமே எங்கள் சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. இட்டதையெல்லாம் நாங்கள் தின்று தீர்த்திருந்தோம். கீழே ஒரு முட்டை இல்லை. வெறும் வைக்கோல்மேல் உடம்பைப் பரப்பிக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வந்தது.

"இன்னாத்துக்கு வெறுங்கூடைல குந்திகினு கீது? நாலு வாட்டி தண்ணில முக்குனா அடை தெளிஞ்சிரும்" என்று மாமியார் பக்கெட்டைத் தூக்கி வந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "வுடுங்க அத்த! எனக்குப் பூ வச்சிக் கட்னது பத்தாதா, அதுக்கு வேற வைத்தியமா?" என்று கத்திவிட்டேன். மாமியார் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

மறுநாள் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர், டிபன் பாக்ஸில் உமி போட்டு ஐந்து வாத்து முட்டை கொண்டுவந்தார். கூட வேலை செய்பவர் கொடுத்தாராம். "கோழி முட்ட கெடைக்கல. இத்த வை, அதுக்கு இன்னா தெரியப்போவுது?" ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றுக்கடியில் தள்ளினேன். அது கொத்தவில்லை. குழந்தை போனபிறகு நான் சிரித்தது அன்றுதான்.

காலண்டரில் இருபத்தொன்றாம் நாளுக்கு வட்டம் போட்டேன். அடைக்கு எங்கள் வீட்டில் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். வாத்து வளர்த்தவர்கள் யாருமில்லை. அந்த நாள் வந்தது, ஓட்டில் ஒரு கீறல் இல்லை. இன்னும் இரண்டு நாள் பொறுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "அத்தினியும் கூமுட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோழியோ இளைத்துக் கொண்டை வெளுத்து, அப்போதும் நம்பிக்கொண்டு கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. "போதும்டீ, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்று அதைத் தள்ளிவிட்டு, ஐந்தையும் நைட்டியில் ஏந்திப்போய்க் குப்பைக்குழியில் வீசினேன்.

நாறும் என்று மூக்கைப் பொத்தினேன். நாறவில்லை. உடைந்த ஓட்டுக்குள் ஈர மயிரோடு ஒன்று காலை உதைத்தது. தட்டையான குட்டி அலகு இருமுறை திறந்து மூடியது. ஐயோ! குழிக்குள் இறங்கி எல்லாவற்றையும் பொறுக்கிக் கோழிக்கடியில் வைத்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் முட்டை கொடுத்தவருக்குப் போன் போட்டார். வாத்துக்கு இருபத்தெட்டு நாளாம். இன்னும் ஐந்தே நாள்.

மகன் நாள் ஆகாமல் வந்ததற்கு யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன். இவற்றை நாள் ஆகாமல் வெளியே எடுத்தது என் கை.

கோழி திரும்பவும் காலிக் கூடையில் போய் உட்கார்ந்தது. பார்க்க முடியாமல் நானே பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோனேன். மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம்மா. குந்தட்டும் வுடு" என்றார்.