அத்தானுக்குப் பின்னால் இருந்த சுவர்

அக்காவின் சாப்பாட்டு மேசையில் சூரியகாந்திப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று எப்போதும் கிடக்கும். அதன் மேல், ஆறிப்போன தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், ஒரு துப்பாக்கி ரவை நிமிர்ந்து நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பித்தளை உடம்பு, செம்புத் தலை. சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். அத்தான் அதற்கு முன்னால் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா போனில் அழுத அழுகைக்கு, முதியோர் இல்லத்தில் என் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சில்க்போர்க்கிலிருந்து கிரின்ஸ்டெட்வரை கண்மண் தெரியாமல் காரோட்டி வந்திருந்தேன். வந்து பார்த்தால் இந்த மனிசன் சாவகாசமாக, "வா புள்ள, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்விட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். டென்மார்க்குக்கு வருமுன் மட்டக்களப்பில் பொலிஸ்காரராக இருந்தவர், ஓர் எம்.பி.க்கு மெய்க்காவலர். சீருடை கிடையாது. தொளதொளத்த அரைக்கைச் சட்டையை வெளியே விட்டு, அதற்குள் இடுப்பில் பிஸ்டலை மறைத்துக்கொண்டு, எம்.பி.யின் இடப்பக்கம் ஓரடி பின்னால் நடப்பது அவருடைய வேலை. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய காலத்திலும் இரண்டு அளவு பெரிய சட்டைதான் வாங்குவார். "இதுக்குள்ள இன்னொராள் குடியிருக்கலாம்" என்று நான் கேலி செய்வேன். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் தெரிகிற கதிரையில்தான் உட்காருவார்.

பிறகு எங்கள் ஆட்கள் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். டெனிஷ்காரர்களின் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேர்ந்து, உரிமம் எடுத்து, ஒரு பிஸ்டலும் வாங்கினார். அதை வைக்க இரும்புப் பெட்டகம் ஒன்று வந்து, மேல்மாடி அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா சும்மா விடுவாளா? ஆயுத பூசைக்குத் தையல் மெசினுக்கும் காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அந்தப் பெட்டகத்துக்கும் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பார்வையிட வந்த பொலிஸ்காரர் அதைக் குனிந்து பார்த்து, இது இரத்தமா என்று மெல்லக் கேட்டாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பல கொண்டாட்டங்களில் சிரித்திருக்கிறோம்.

அந்த வசந்தத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊரில் யுத்தம் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி முடியப்போகிறது என்பதுதான் தெரியவில்லை. எனக்கு உட்கார்ந்தால் நிற்கவேண்டும்போல இருக்கும், நின்றால் நடக்கவேண்டும்போல இருக்கும். வேலையில் ஒரு கிழவிக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய் போனைத் தேடும். கடற்கரை ஓரத்தில், இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவில், ஒரு துண்டு நிலத்துக்குள் சனம் அடைபட்டுக் கிடந்தது. அப்போது இங்கே எங்கள் தமிழ் ஆட்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அத்தான் எழும்பி, "சனத்தை வெளிய விடச் சொல்லி ரெண்டு பக்கத்தையும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அக்கா வீட்டுப் போன் அடிக்கத் தொடங்கியது. பெயர் சொல்லாத குரல்கள். துரோகி என்றன. அடுத்த கூட்டத்தில் வாய் திறந்தால் அதுதான் கடைசி என்றன. அடுத்த கூட்டம், நான் ஓடிவந்த நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அத்தான் பேசத்தான் போகிறேன் என்றார். அதோடு பெட்டகத்தையும் திறந்து வைத்திருந்தார். அக்கா அழுதது அதற்குத்தான்.

"உங்களுக்கென்ன விசரா அத்தான்?" என்றேன். "இந்த நாட்டில அதை இடுப்பில செருகிக்கொண்டு படலையத் தாண்டினாலே பொலிஸ் பிடிச்சு மறியல்ல போடும். ரெண்டு பொம்பிளப் பிள்ளையளையும் வச்சுக்கொண்டு செய்யிற வேலையா இது?" நான் கத்தக் கத்த அவர் அந்த ரவையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகள் படியில் நின்று டெனிஷில் என்னவோ கேட்டாள். அவளை மேலே போகச் சொன்னார். பிறகு என் முகத்துக்கு முன்னால் வலக்கையை முஷ்டியாகப் பிடித்தார்.

"இது இப்பிடித்தான் போகும். உள்ள போகேக்கயும் இப்பிடி, வெளிய வரேக்கயும் இப்பிடி. நிக்காது." பிறகு விரல்களை மெல்ல விரித்தார். "இன்னொரு சாதி இருக்கு, தலையில குழி உள்ளது. உடம்புக்குள்ள போனா இப்பிடி விரிஞ்சு அங்கயே நிண்டிரும். பின்னால நிக்கிறவனுக்குப் போகாது." கழகத்தில் கிடைப்பது முஷ்டி மாதிரியான ரவைதான். விரிகிற சாதியை இந்த நாட்டில் கைத்துப்பாக்கிக்குப் போடக்கூடாது. ஆளைக் கொல்லுகிற சாமானில் நல்லது கெட்டது பார்க்கிற இந்தக் கதை எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் கோபிக்கவில்லை. அதுவரை அக்காவுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னார்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு முன்னால் எம்.பி. காரை விட்டு இறங்கியபோது, ஒருவன் துப்பாக்கியோடு ஓடிவந்திருக்கிறான். அத்தான் முந்திக்கொண்டு சுட்டார். ரவை அவன் தோளுக்குக் கீழே புகுந்து முதுகால் வெளியே போனது. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் கச்சான் கடலை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். சுட வந்தவன் ஆஸ்பத்திரியில் பிழைத்துவிட்டான். அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். எம்.பி. அத்தானின் முதுகில் தட்டிக்கொடுத்தாராம், பதக்கம் வாங்கித் தருவதாகச் சொன்னாராம். அத்தான் கேட்டது வேறு: அந்த விரிகிற ரவை. மேலதிகாரி சிரித்தார். கடைசியில் கொழும்பில் ஒரு வியாபாரியைப் பிடித்து ஒரு கைப்பிடி வாங்கினார். பொலிஸ் குவாட்டர்ஸுக்குப் பின்னால், குலை வெட்டிய வாழைகளைத் தறித்து வரிசையாக நட்டு, இரண்டு சாதியையும் சுட்டுப் பார்த்தார். அரசாங்கம் கொடுத்த ரவை எல்லா வாழையையும் துளைத்துக்கொண்டு மதிலில் போய் அடித்தது. மற்றது முதல் வாழைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த முதல் வாழையைப் பிளந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னால் குந்தியிருந்து அழுதேன் என்றார்.

அக்கா அடுப்படி வாசலில் கையில் அகப்பையோடு நின்றாள். அத்தான் விரிப்பின் மேல் விரலை ஓட்டினார். "அந்தக் கூட்ட மண்டபத்தில கதிரை அடுக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தர் முழங்கால் இடிக்க இருப்பினம். பொம்பிளையள் பக்கம் முழுக்கக் கைப்பிள்ளையள். நடுப்பாதையில சின்னனுகள் ஓடித்திரியும். எவன் எழும்பி வந்தாலும் அவனுக்குப் பின்னால ஆரோ இருக்கும். இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய?" ரவையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். எழும்பி மாடிக்குப் போனார். பெட்டகம் பூட்டுப்படும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கதிரையில் விழுந்தோம். ஆனால் பாதிப் பயம்தான் போயிருந்தது. இப்போது அவர் வெறுங்கையோடு போகப்போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் போய்க் கதிரை அடுக்கினார். அதோடு இன்னொரு வேலையும் செய்தார். மேடை நடுவில் இருந்த ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு போய், இடப்பக்க மூலையில் செங்கல் சுவரோடு ஒட்டி வைத்தார். மேடையில் நிர்வாகக் குழுவினர் வரிசையாக இருப்பார்கள். பாட்டுப் பாட வந்த தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். "அண்ணை, அதில நிண்டா வீடியோவில விழமாட்டியள்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "பரவாயில்ல தம்பி" என்றார் அத்தான். பேசவும் செய்தார். முதலில் சொன்னதையே சொன்னார். "சனத்தைப் பின்னால வச்சுக்கொண்டு சண்டை பிடிக்காதேங்கோ, அதுகளை வெளிய விடுங்கோ, அங்கால நிண்டு அடிக்கிறவனையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ." பின்வரிசையில் கூச்சல் எழுந்தது. நாலைந்து பேர் எழும்பி முன்னால் வந்தார்கள். அக்கா பதறிப்போய் மேடைக்கு ஓடினாள். அத்தான் ஒலிவாங்கியிலேயே, "நீ இஞ்ச வராத! அங்கயே நில்!" என்று கத்தினார். மண்டபம் சிரித்தது. பெண்சாதியைச் சபை நடுவில் ஏசுகிறார் பார் என்று யாரோ சொன்னார்கள். அக்கா அவமானத்தில் அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் வந்தவர்களைப் பெரியவர்கள் பிடித்து இருத்தினார்கள். பிள்ளைகள் பாடினார்கள். பிறகு ரோல்ஸும் தேநீரும் வந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

வரும்போது காரில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "எல்லாருக்கும் முன்னால அவளை ஏன் அப்பிடி வெருட்டினீங்க?" என்று கேட்டேன். காரோட்டிய அத்தான் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "என்னைச் சுட வாறவன் என்ன ரவை போட்டுக்கொண்டு வருவான் எண்டு எனக்குத் தெரியுமா புள்ள? அதைத் தெரிஞ்செடுக்கிறது அவன். எனக்குப் பின்னால ஆர் நிக்கிறது எண்டு மட்டும்தான் நான் தெரிஞ்செடுக்கலாம்." அக்காவின் அழுகை நின்றுவிட்டது. கியர் மாற்றும் கையைப் பிடித்துக்கொண்டவள், வீடு வரும்வரை விடவில்லை. அவருக்குக் கியர் மாற்ற முடியாமல் வண்டி உறுமிக்கொண்டே வந்தது.

பிறகு மே மாதம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அந்த மணல் துண்டைக் காட்டினார்கள்: கவிழ்ந்த வண்டிகள், பாய்கள், சட்டி பானைகள். நான் சோபாவில் இருக்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் துடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் படத்தை முழுவதும் பார்த்தார். "எல்லாரும் பின்னாலதான் நிண்டிருக்கினம், புள்ள" என்றார். அந்தக் கிழமையே பிஸ்டலைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். பொட்டு வைத்த பெட்டகத்துக்குள் அக்கா இப்போது மிளகாய்த்தூள் வைத்திருக்கிறாள்.

அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து கொஞ்சக் காலமாகிறது. பேச்சு அநேகமாகப் போய்விட்டது. வலக்கை முஷ்டியாக மடங்கி இறுகிப்போய்விட்டது. வேலை முடிந்து நேரம் கிடைக்கிறபோதெல்லாம் ஓடிப்போவேன். சூரியகாந்தி விரிப்பின் மேல், அன்றைக்கு அந்த ரவை நின்ற இடத்தில், அவர் கையை எடுத்து வைப்பேன். இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைத் துடைத்துக் களிம்பு பூசுவேன். எத்தனையோ கிழவர்களுக்குச் செய்கிற வேலைதான். இந்தக் கையை மட்டும் விரித்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பேன். விட்டால் உடனே மடங்கிவிடும். போன முறையும் அப்படித்தான், நான் சின்னவிரலை விரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலால் பார்த்தார். அவர் முகம் மாறியது. இடக்கையைத் தூக்கி, ஒதுங்கு ஒதுங்கு என்று பதறிப்போய் ஆட்டினார். திரும்பிப் பார்த்தேன். பேரப்பிள்ளை சத்தமில்லாமல் வந்து, பாண் துண்டும் கையுமாக, எனக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.